தூக்குவதற்கு ஆறு பேர்

கிளிம் கதவைப் பாதிதான் திறந்தார். அந்தப் பாதியையும் அவருடைய வயிறு அடைத்துக்கொண்டிருந்தது.

"முதுகு பிடிச்சுக்கிச்சு, தைசா. நேத்துலேர்ந்து நிமிரவே முடியல," என்றார், விறைப்பாக நிமிர்ந்து நின்றபடி.

தைசா தலையாட்டினாள். முந்தாநாள் இதே மனிதர் உருளைக்கிழங்கு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி படியேறியதை அவள் பார்த்திருந்தாள். அதைச் சொல்லிக் காட்டி என்ன ஆகப்போகிறது? கிளிமின் கண்கள் அவள் முகத்தில் இல்லை. அவள் தோளுக்கு மேலாக, படிக்கட்டு ஜன்னல் வழியாக, முற்றத்தில் ஊஞ்சல்களுக்குப் பக்கத்தில் நின்ற சாம்பல் நிற வேனில் இருந்தன.

"அந்தோஸ் தங்கமான பையன்," என்று குரலைத் தாழ்த்தினார். "அம்மாகிட்ட சொல்லு, நான் மனசால அங்கதான் இருக்கேன்னு."

கதவு சாத்திக்கொண்டது. மனதால் யாரும் சவப்பெட்டியைத் தூக்க முடியாது. அதற்குக் கை வேண்டும்.

முதல் மாடிக்காரருக்குக் காய்ச்சல். நான்காம் மாடியில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தூங்குகிறார்களாம். எதிர்வீட்டில் மணியடித்தபோது உள்ளே ஓடிக்கொண்டிருந்த டி.வி. சட்டென்று நின்றது, அதற்கப்புறம் சத்தமே இல்லை. இந்தக் கட்டடத்தில் இத்தனை நோயாளிகள் குடியிருப்பது தைசாவுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. கோபப்படவும் முடியவில்லை. வேனுக்குள் இருக்கும் மஃப்டி போலீஸார் வருகிறவர்களின் முகங்களைப் படம் பிடிப்பார்கள், படத்தில் விழுந்தவருக்கு ஊரே வேலை பார்க்கும் ஆலையிலிருந்து சீட்டுக் கிழியும். இதெல்லாம் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

மேலே அவர்கள் வீட்டில், சாவு வீட்டு வழக்கப்படி, முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கை விரிப்பால் மூடியிருந்தார்கள். கூடத்தின் நடுவில் இரண்டு முக்காலிகளின் மேல் பெட்டி இருந்தது. அதற்குள் தம்பி அந்தோஸ், கல்லூரி முடித்தபோது வாங்கிய கோட்டுக்குள் தொலைந்துபோனவன் மாதிரி கிடந்தான். முப்பத்தொரு வயசு. மொட்டைத் தலை. நிமோனியா என்று சிறை மருத்துவமனைக் காகிதம் சொன்னது. நேற்று மாலை நான்கு சிப்பாய்கள் பெட்டியை மேலே கொண்டுவந்து வைத்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப்போனார்கள்.

அம்மா லுத்விகா ஜன்னலருகில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முழங்கையில் ஆறு துண்டுகள், புதியவை, இஸ்திரி போட்டவை. தூக்குபவர்களின் இடது கையில் கட்டுவதற்கு.

"கிளிம் என்ன சொன்னான்?"

"முதுகு வலியாம்."

"அவனுக்கு முதுகெலும்பு இருந்தாத்தானே வலிக்கும்," என்றாள் அம்மா. "விடு. நம்ம அந்தோஸோட கூட்டாளிப் பிள்ளைங்க வந்துடுவாங்க. மின்ஸ்க் பஸ் எப்பவுமே லேட்டு."

அந்தப் பிள்ளைகள் வரமாட்டார்கள். வரவேண்டாம் என்று சொன்னவளே அவள்தான்.

நேற்று சாயங்காலம் ஒரு போலீஸ் அதிகாரி அவளை மருந்துக்கடை வாசலில் நிறுத்தி, நல்ல மரியாதையாகத்தான் பேசினார். கூட்டம் கூடாது, பேச்சு கூடாது, கொடி கூடாது, பன்னிரண்டு மணிக்குள் மண் போட்டாக வேண்டும் என்றார். "யார் யார் வர்றாங்கன்னு பாக்க எங்களுக்கும் ஆசைதான்," என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்புதான் அவளைக் கொன்றது. ஓடிவந்து, பேச்சு யாருக்கும் கேட்காதபடி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஸ்தாசியாவுக்குப் போன் போட்டாள். ஸ்தாசியா தம்பியோடு அந்த இணையப் பத்திரிகையை நடத்தியவள், அவன் உள்ளே போன பிறகும் தனியாக நடத்துபவள், எந்த ஊரில் தூங்குகிறாள் என்று யாருக்கும் சொல்லாதவள்.

"வராதீங்கம்மா. ஒருத்தரும் வராதீங்க. ஒரு பெட்டி போதும் எனக்கு."

ஸ்தாசியா சொன்னது ஒன்றுதான்: "சரிக்கா."

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? பதினேழு வயதில் இளைஞர் அமைப்பில் சேர்ந்து, பள்ளிக்கூடச் சுவரில் துண்டறிக்கை ஒட்டி, பதினைந்து நாள் உள்ளே போய்வந்தான் அந்தோஸ். அன்றிலிருந்து இந்த வீட்டில் எந்த நாளும் அவனுடைய கூட்டாளிப் பிள்ளைகள் இல்லாமல் விடிந்ததில்லை. சமையலறைத் தரையில் படுத்திருப்பார்கள். அம்மா திட்டிக்கொண்டே உருளைக்கிழங்கு அடை சுட்டுப் போடுவாள். "கல்யாணம் பண்ணிக்கோடான்னா நாடு மொதல்ல மாறட்டும்மான்னு சொல்றான். நாடு என்ன உனக்குப் பொண்ணு குடுக்கப்போகுதா?" ஆலையின் கழிவு ஆற்றில் கலப்பதை எழுதி வேலை இழந்தான். ஓய்வூதியக்காரர்களின் வரிசையைப் படம் எடுத்துப் போட்டான். கடைசியில் தீவிரவாதி என்று எழுதி ஆறு வருஷம் கொடுத்தார்கள். இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

சவ வண்டி ஓட்டும் பாசில் மூச்சு வாங்க ஏறிவந்தார். தொப்பியைக் கழற்றிப் பெட்டிக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டார்.

"லுத்விகா, நேரமாச்சு. நகராட்சி ஆளுங்க நாலு பேரும் இன்னைக்கு லீவாம். நாலு பேருக்கும் ஒரே நாள்ல! நான் ஒருத்தன் இருக்கேன். மீதி எங்க?"

"நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்," என்றாள் தைசா. அவள் கணவன் லாரியோடு எல்லைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தான்.

"தொட்டே, கைய உடைச்சுடுவேன்." அம்மா திரும்பினாள். முகம் வெளுத்துவிட்டது. "ரத்தம் ரத்தத்தைத் தூக்கக் கூடாது. போறவன் இன்னொருத்தரையும் கூட்டிக்கிட்டுப் போவான். எனக்கு மிச்சம் நீ ஒருத்திதான்."

இதை மூடநம்பிக்கை என்று அந்தோஸ் இருந்தால் வாதாடியிருப்பான். தைசா வாதாடவில்லை. இந்த ஊரில் குடித்துச் சாக்கடையில் விழுந்து செத்தவனுக்குக்கூட ஆறு பேர் கிடைத்துவிடுவார்கள். அக்கம்பக்கத்தார், சிநேகிதர்கள், யாராவது. தம்பிக்கு ஆறு பேர் கிடைக்காமல் செய்தது நான்தானோ என்று அவள் நினைத்தாள்.

"அம்மா, பிள்ளைங்க வரமாட்டாங்க. நான்தான் வரவேண்டாம்னு சொன்னேன்."

அம்மா அவளையே பார்த்தாள். பாசில் தன் தொப்பியின் உட்புறத்தை ஆராய்ந்தார். அடுக்களையில் தேன் போட்டு வேகவைத்த கோதுமைக் கஞ்சி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது, யாரும் நகரவில்லை.

"என்கிட்ட நேத்தே சொல்லியிருக்கலாம்ல," என்றாள் அம்மா கடைசியில். அவ்வளவுதான். துண்டுகளைச் சரிசெய்துகொண்டு, வீட்டுச் செருப்போடு, மேல்கோட்டுகூடப் போடாமல் வாசலைக் கடந்தாள்.

"எங்கம்மா போறே?"

தைசா பின்னாலேயே ஓடினாள். மூன்று மாடியும் இறங்கி, நனைந்த இலைகளை மிதித்துக்கொண்டு, அம்மா நேராக அந்தச் சாம்பல் வேனிடம் போனாள். கறுத்த கண்ணாடியை மோதிர விரலால் தட்டினாள். திறக்கவில்லை. மறுபடி தட்டினாள், கண்ணாடி உடைந்துவிடும்போல.

கதவு நகர்ந்தது. உள்ளே நான்கு பேர். மருந்துக்கடை வாசலில் சிரித்த அதிகாரி முன்னால் இருந்தார். மடியில் கேமரா.

"என்னம்மா?"

"தூக்க ஆள் இல்ல. வாங்க."

அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. "நாங்க டூட்டியில இருக்கோம்மா."

"உங்க டூட்டி என்னன்னு எனக்குத் தெரியாதா? பதினாலு வருஷமா அவன் போன இடமெல்லாம் பின்னாடியே போனீங்க. இன்னும் மூணு மாடிதான்யா இருக்கு."

'அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இப்போதே, இந்தச் செருப்போடு.' அவள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா கல்லாக நின்றாள்.

"முடியாதும்மா. போங்க," என்றார் அதிகாரி.

"சரி, அப்ப பெட்டி வீட்டுலயே இருக்கட்டும். நாளைக்கும் இருக்கும். ஞாயித்துக்கிழமையும் இருக்கும். ஜன்னலைத் திறந்து வைக்கிறேன், ஊரே வந்து பாக்கட்டும். பன்னெண்டு மணின்னு சொன்னது நீங்கதான், நான் சொல்லல."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு முதுகைத் திருப்பினார். "ஆமா சார்... இல்ல சார், யாருமே இல்ல... அப்படித்தான் சொல்றாங்க..." "சரி சார், முடிச்சுடறோம்."

அம்மா அதற்குள் பின்சீட்டில் குறுகி உட்கார்ந்திருந்த இளைஞனைப் பார்த்துவிட்டாள்.

"நீ மார்த்தா பையன் ராதிக்தானே? அம்மாவுக்குக் கால் வீக்கம் வத்துச்சா?"

அவன் காது சிவந்தது. "பரவால்ல, லுத்விகா அத்தை."

"இறங்கு. கையை நீட்டு."

நான்கு பேர் வரிசையாக நிற்க, அவள் ஒவ்வொருவர் இடது கையிலும் துண்டைக் கட்டினாள். கட்டும்போது அவள் விரல்கள் ஆடவில்லை. கேமரா சீட்டின் மேல் தனியாகக் கிடந்தது. ஐந்தாவது துண்டு பாசிலுக்கு. ஆறாவது துண்டுக்கு மட்டும் ஆளில்லை.

ஐந்து பேரும் பெட்டியைத் தூக்கி, கால் பக்கம் முன்னால் வர, வாசலைத் தாண்டினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அது மாட்டிக்கொண்டது. பாசில் முன்னாலிருந்து இழுக்கிறார், அதிகாரி பின்னாலிருந்து தள்ளுகிறார். மூடி சுவரில் உரசிச் சுண்ணாம்பு உதிர்ந்தது. உள்ளே தம்பி அசைந்தான், அந்தச் சத்தம் தைசாவுக்கு அடிவயிற்றில் கேட்டது. ராதிக்கின் நெற்றியெல்லாம் வியர்வை.

கிளிம் வீட்டுக் கதவு திறந்தது.

"எடு கையை! சாய்க்காதேங்கிறேன்! பீரோ எறக்குறமாதிரியா எறக்குவீங்க, எருமைங்களா?" பைஜாமாவோடு வந்து, அதிகாரியை முழங்கையால் நகர்த்திவிட்டு, தலைப்பக்க மூலையைத் தோளில் வாங்கிக்கொண்டார். "தலைப்பக்கம் தூக்கு. இன்னும் தூக்கு. இப்ப திருப்பு, மெதுவா."

பெட்டி திரும்பியது. கீழே வந்ததும் கிளிம் வேனைப் பார்த்தார், தன் இரண்டு பக்கமும் நிற்பவர்களைப் பார்த்தார், வெளிறிப்போனார். ஆனால் தோளை எடுக்கவில்லை. அம்மா ஆறாவது துண்டை அவர் கையில் கட்டியபோது, "முதுகு நெசமாவே வலிக்குது, லுத்விகா," என்றார். அம்மா அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

கல்லறைத் தோட்டத்துக்குள் வண்டி போகாது. வாசலிலிருந்து மேட்டின் உச்சி வரை சுமந்துதான் போகவேண்டும். முன்னால் பாதிரியார், பிறகு பெட்டி, பிறகு அம்மாவும் தைசாவும். இவ்வளவுதான் ஊர்வலம். பிர்ச் மரங்களுக்கிடையில் காற்று மட்டும் இருந்தது. கடைசியில் யாரும் மாட்டவில்லை, யாரும் வரவில்லை என்று தைசா நிம்மதிப்பட்டாள். நிம்மதிப்பட்டதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

அப்போதுதான் பார்த்தாள். இடது பக்கம், புல் மண்டிய பழைய பகுதியில், ஒரு பெண் யாருடைய கல்லறையின் முன்னாலோ குந்தி உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நீலக் கோட்டு. தலையில் கிழவிகள் கட்டுவதுபோல முக்காடு. கழுத்தைச் சாய்க்கிற விதத்திலேயே தெரிந்துவிட்டது. ஸ்தாசியா. அவளுக்கு அப்பால் ஒரு பையன் வேறொரு கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதற்கும் அப்பால் இரண்டு பேர். மரங்களுக்கிடையில் இன்னும், இன்னும். ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஆளுக்கொரு அந்நியரின் கல்லறையில், சொந்தத் தாத்தனைப் பார்க்க வந்தவர்கள்போல, பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எல்லார் கையிலும் பூ.

'அடிப் பாவி, சரின்னு சொன்னியேடி.' அம்மாவின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கின. அம்மாவும் பார்த்துவிட்டாள்.

முன் வரிசையில் இடது பக்கம் ராதிக். அவன் தலை இடதுபுறம் திரும்பியது. நீலக் கோட்டில் நின்றது. அடுத்த கல்லுக்குப் போனது, அதற்கடுத்ததற்கும். எண்ணுகிறான். அவன் கழுத்து நரம்பு புடைப்பதை தைசா பின்னாலிருந்தே பார்த்தாள். அவனுக்குப் பின்னால் அதிகாரி, மூச்சிரைக்க, தலையைத் தூக்கப் போனார்.

"கீழ பாத்து நடங்க," என்றான் ராதிக் சத்தமாக. "எல்லாரும் கீழ பாருங்க. வழுக்குது."

ஆறு பேரும் குனிந்து தங்கள் காலைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். அங்கே பாதை காய்ந்து, மணல் போட்டு, சமமாகத்தான் இருந்தது.

மண் போட்டு முடிந்து, பாதிரியார் புத்தகத்தை மூடியபோது மரங்களுக்கிடையில் ஒருவருமில்லை. அதிகாரி கையிலிருந்த துண்டை அவிழ்த்து, என்ன செய்வதென்று தெரியாமல் பையில் திணித்துக்கொண்டார். இறங்கி வரும் வழியில் பழைய பகுதியைப் பார்த்து நின்றார். எழுத்து அழிந்துபோன கற்களின் மேல், துருப்பிடித்த சிலுவைகளின் அடியில், எங்கு பார்த்தாலும் புதுப் பூக்கள், செத்தவர்களுக்கு வைக்கும் வழக்கப்படி இரண்டிரண்டாக.

"இன்னைக்கு ஏதாவது விசேஷமா?" என்றார் புருவத்தைச் சுருக்கி.

ராதிக் தன் பூட்ஸைப் பார்த்தான்.

அம்மா அருகிலிருந்த கல்லிடம் போனாள். குனிந்து, பாசியை விரலால் வழித்து, பெயரைப் படிக்கப் பார்த்தாள். முடியவில்லை. சரிந்திருந்த ஒரு பூவை நேராக நிமிர்த்தி வைத்தாள்.

"நல்ல சொந்தக்காரங்க போல," என்றாள் அதிகாரியிடம், சிலுவை போட்டுக்கொண்டே. பிறகு அடுத்த கல்லுக்குப் போனாள்.