இடது காதுக்குக் கீழே

ஷிகோவ் கிராமத்து ஷாங் யின்தியின் இணையக் கடையில் பெர்சிமன் பழ வற்றல் வாங்கியவர்களில் நாலாயிரத்து இருநூறு பேருக்கு, வாங்கிய ஒரு மாதத்துக்குள், இடது காதுக்குக் கீழே துவரம்பருப்பு அளவில் செங்கல் நிற மச்சம் ஒன்று முளைத்தது. அந்த ஆண்டு வற்றல் கிலோ நாற்பத்தெட்டு யுவான், அனுப்பும் கூலி தனி. மச்சத்துக்கென்று அவள் தனியாகக் காசு எதுவும் வாங்கவில்லை.

கடை பிறந்தது 2014 இலையுதிர் காலத்தில், பள்ளிக்கூடக் கூடத்தில். வட்டார இணைய வணிக மேம்பாட்டு அலுவலகத்தின் இயக்குநர் லூ அன்று பயிற்சி கொடுக்க வந்திருந்தார். 'கிராமத்துப் பெண்களே, வலையில் ஏறி வளம் பெறுங்கள்' என்று அவர் கொண்டுவந்த சிவப்புப் பதாகை சுவரைவிட நீளமாக இருந்ததால், 'பெறுங்கள்' மட்டும் மூலை திரும்பிக் கழிப்பறைப் பக்கச் சுவருக்குப் போய்விட்டது. இலவசச் சலவைத்தூள் தருவார்கள் என்று கேள்விப்பட்டு முப்பத்தெட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். இயக்குநர் 'மூன்று இணைப்புகள், ஐந்து பாய்ச்சல்கள்' என்று இரண்டு மணி நேரம் பேசினார். எதை எதோடு இணைப்பது, எங்கிருந்து எங்கே பாய்வது என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் உருப்படியாக மூன்று விஷயம் சொன்னார். வாங்க வருகிறவர்கள் முதலில் 'இருக்கீங்களா?' என்றுதான் கேட்பார்கள், முப்பது நொடிக்குள் 'இருக்கேன்' என்று பதில் போக வேண்டும். வருகிறவர் யாராக இருந்தாலும் 'ச்சின்' என்று அழைக்க வேண்டும், நெருங்கின சொந்தமே என்று அதற்கு அர்த்தம், இணையத்தில் விற்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறார்கள். மூன்றாவது, இணையக் கடை என்பது நாட்டின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தெரிகிற அணையாத விளக்கு.

யின்தி எழுந்து நின்றாள். அப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது.

"எந்த வழில சொந்தம், ஐயா?"

"என்னம்மா?"

"ச்சின்னா சொந்தம், சரி. அப்பா வழியா, அம்மா வழியா? நம்மைவிட மூத்தவங்களா, சின்னவங்களா? அது தெரியாம எப்படிக் கூப்பிடறது?"

"அதெல்லாம் வேணாம்மா. சும்மா ஒரு பேச்சுக்குத்தான்."

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொந்தமா?"

கூடம் சிரித்தது. இயக்குநர் குடுவையைத் திறந்து தேநீர் குடித்தார். பதில் தெரியாதபோது தேநீர் குடிப்பது அந்த அலுவலகத்தின் நெடுநாள் வழக்கம்.

யின்தியை வீட்டுக்குப் போய்த் தூங்கவிடாமல் செய்தது மூன்றாவது விஷயம். யின்தி என்ற பெயருக்குத் 'தம்பியைக் கூட்டிவா' என்று அர்த்தம், பிறந்தபோதே வேலை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவள் தனக்கு ஒரு தம்பியைக் கூட்டிவரவில்லை. 1996 குளிர்காலத்தில் அவளுக்கே ஒரு பெண் பிறந்தது. வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று அரசாங்கம் எண்ணிக்கொண்டிருந்த காலம் அது, அந்த ஒன்று பையனாக இருக்க வேண்டும் என்று அவள் புகுந்த பெய் குடும்பம் எண்ணிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் நாள் அவள் கணவர் பெய் தேஷுன் குழந்தையைச் சிவப்புத் துணியில் சுற்றி, இரண்டு பை பால்பொடியோடு, தரகர் அழைத்துவந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் மடியில் வைத்துப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தார். எந்த ஊர் என்று தரகர் சொல்லவில்லை, மறு ஆண்டே இறந்தும்போனார். யின்தியை யாரும் கேட்கவில்லை. அடுத்து ஒரு பையன் பிறந்தான். இப்போது சியானில் இருக்கிறான், புத்தாண்டுக்கு வந்து தின்றுவிட்டுத் தூங்குகிறான். தேஷுன் அந்த நாளுக்குப் பிறகு அந்தப் பேருந்து நிறுத்தத்தில் கால் வைத்ததில்லை. எங்கே போவதானாலும் ஏழு கிலோமீட்டர் நடந்து அடுத்த ஊர் நிறுத்தத்தில் ஏறுவார். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்க யின்திக்குக் கிடைத்தது பன்னிரண்டு நாள். அதில் அவள் மனப்பாடம் செய்துகொண்டது ஒன்றே ஒன்று: இடது காதுக்குக் கீழே செங்கல் நிற மச்சம். தனக்கு இருப்பதைப் போலவே, அதே இடத்தில்.

அணையாத விளக்கு என்றால் எங்கேயோ இருக்கிற அவளும் பார்ப்பாள் அல்லவா என்பதுதான் கணக்கு. வாங்கியவர்கள் தின்னும்போது படம் பிடித்துக் கடையில் போடுவார்கள், படத்தில் காது தெரியும். இந்தத் திட்டத்தை யின்தி யாரிடமும் சொல்லவில்லை. பெட்டி மூடியில் தன் பக்கவாட்டு முகப் படத்தைப் போடச் சொன்னாள். நகரத்துப் படக்காரர் கணினியில் அவள் முகத்தை உரித்த முட்டை போல வழவழப்பாக்கி, மச்சத்தைத் துடைத்து, இரண்டாயிரம் மூடி அச்சடித்து அனுப்பினார். இரண்டாயிரத்தையும் திருப்பி அனுப்பினாள்.

இயக்குநர் நேரில் வந்தார். "மச்சம் வியாபாரத்துக்கு இடைஞ்சல்மா. பழத்துல பூச்சின்னு நினைச்சுக்குவாங்க."

"என் மூஞ்சி பழம் இல்லீங்களே."

"உலகத்துலயே மச்சத்துக்காகச் சண்டை போடற முதலாளியம்மாவை இப்பதான் பாக்கறேன்."

"மச்சம் இல்லாட்டி பெட்டியும் இல்லை, ஐயா."

தேஷுன் பழத்தோலைச் சீவிக்கொண்டே இதைக் கேட்டார். கை மட்டும் கொஞ்ச நேரம் நின்றிருந்தது.

கடை ஓடத் தொடங்கியது. தோல் சீவிய பழத்தைக் கயிற்றில் கட்டி நாற்பது நாள் தொங்கவிட்டு, நடுவில் ஒவ்வொன்றையும் கையால் பிசைந்துவிட்டு, பிறகு தாழியில் அடைத்தால் வெளியே சர்க்கரை வெண்பூவாகப் பூக்கும். அது எல்லா வீட்டிலும் தெரிந்த வேலை. யின்தி செய்த புது வேலை வேறு. 'ச்சின்' என்ற மொட்டை வார்த்தை அவள் கையில் வரவில்லை. வருகிறவரின் ஊரை, கேட்கிற தோரணையைப் பார்த்து முறை வைத்தாள். இரண்டு யுவான் குறைக்கச் சொல்லி அரை நாள் மல்லுக்கட்டியவரை 'மூணாவது அத்தை' என்றாள். இருமலுக்கு நல்லதா என்று கேட்டவர் பெரியப்பா. விலையே கேட்காமல் பத்துப் பெட்டி சொன்னவர் புதுமாப்பிள்ளைதான், சந்தேகமில்லை. சின்ன வயதுப் பெண்கள் தங்கச்சி, அண்ணன் மகள், நாத்தனார் என்று ஆனார்கள். 'மகள்' என்று மட்டும் யாரையும் அழைக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையைத் தாழியில் போட்டு மூடி வைத்திருந்தாள்.

இரண்டாவது குளிர்காலத்தில் ஹார்பினிலிருந்து ஒரு படம் வந்தது. பனியில் நின்று ஒரு பெண் வற்றலைக் கடித்துக்கொண்டிருந்தாள். தொப்பிக்கு வெளியே இடது காது, அதற்குக் கீழே மச்சம். இருபது வயது இருக்கும். யின்தி ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு, வேலையாக என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒன்றரை நாள் ரயிலில் போனாள். கதவைத் திறந்தவள் ஒரு கணம் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"ஐயோ, பெட்டி மூடியில இருக்கற அத்தை! அம்மா, அத்தை வந்திருக்காங்க பாரு!"

யின்தி விரலை நீட்டி அவள் காதைக் காட்டினாள்.

"இதுவா? போன மாசந்தான் வந்துச்சு அத்தை. ரெண்டாவது பெட்டி தீர்ந்த அன்னிக்கு. அம்மாவுக்கும் வந்திருக்கு. அம்மா, காதைக் காட்டேன்."

அம்மா காதைக் காட்டினாள். அவளை யின்தி கடையில் 'அண்ணி' என்று அழைத்திருந்தாள். இருவரும் சேர்ந்து முட்டைக்கோஸ் கொழுக்கட்டை அவித்துப் போட்டார்கள். யின்தி பதினெட்டுக் கொழுக்கட்டை தின்று, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினாள். வழியில் கைபேசியில் படங்கள் வந்துகொண்டே இருந்தன: கான்டனில் ஓய்வுபெற்ற ஒரு போலீஸ்காரர், செங்டுவில் இரட்டைச் சகோதரர்கள், ஒரு பல் மருத்துவர். மாமா, மச்சான் என்று யார் யாரை அழைத்தாளோ அவர்கள் அத்தனை பேருக்கும் மச்சம். சொந்தம் என்று சொன்னதை ரத்தம் நம்பிவிட்டது. மகளைக் கண்டுபிடிக்க உலகத்தில் இருந்த ஒரே அடையாளத்தை அவளே பெட்டி பெட்டியாகக் கட்டி ஊரெங்கும் அனுப்பியிருந்தாள்.

வந்ததும் முறை வைப்பதை நிறுத்தினாள். ஒரு வாரம் எல்லோருக்கும் வெறும் 'ச்சின்'தான். ஒருவருக்கும் மச்சம் வரவில்லை, வற்றலும் விற்கவில்லை. பெட்டி கட்டும் மேசையைப் பார்த்துக்கொண்ட ஓரகத்தி ஹுவாய்ஹுவா பொறுத்துப் பார்த்தாள். "நாப்பது பொம்பளைங்க கட்டறதுக்குப் பெட்டி இல்லாம உக்காந்து சூரியகாந்தி விதை கொறிக்கறோம். உனக்கு என்னடி ஆச்சு? ஹார்பின்ல குளிர் மண்டைக்குள்ள போயிடுச்சா?" எட்டாம் நாள் மூணாவது அத்தையிடமிருந்து செய்தி வந்தது: 'நான் என்ன தப்புப் பண்ணேன்? ரெண்டு யுவான் குறைக்கச் சொன்னதுக்கா? இனிமே அத்தைன்னு கூப்பிட மாட்டியா?' யின்தி அதை மூன்று முறை படித்தாள். அந்த ஒரு வாரத்தில் தன்னையும் யாரும் எந்த முறையும் சொல்லி அழைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. 'உங்க மேல என்ன கோவம், அத்தை' என்று எழுதினாள். மறுநாளிலிருந்து டேப் கிழிக்கும் சத்தம் பழையபடி கேட்டது.

நடந்தது அரசாங்கத்துக்கும் தெரியவந்தது. இயக்குநர் லூ அதற்கு 'மச்சப் பொருளாதாரம்' என்று பெயர் சூட்டி, முதலாவது மச்சப் பண்பாட்டு விழாவுக்கு ஏற்பாடு செய்தார். விழா மேடையில் அவர் காதுக்குக் கீழேயும் மச்சம் இருந்தது. பேச்சின் நான்காவது பாய்ச்சலில் மழை பிடித்துக்கொண்டது, மச்சம் கரைந்து சட்டைக் காலரில் இறங்கியது. மை நல்ல ரகம், காலரிலிருந்து கடைசிவரை போகவில்லை. அவர் அதுவரை பதினொரு பெட்டி தின்றிருந்தார், பதினொன்றும் இலவசம். விழா முடிந்ததும் யின்தியைத் தனியே அழைத்தார்.

"என்னையும் ஏதாவது முறை சொல்லிக் கூப்பிடக் கூடாதா?"

யின்தி அவரை நன்றாகப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. "பாத்தேன் ஐயா. ஒரு முறையும் தோண மாட்டேங்குது."

கடைக்கு வருபவர்களில் யின்தியால் முறை வைக்க முடியாத இன்னொருவரும் இருந்தார். படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் வட்டம், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எண்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து 'இருக்கீங்களா?' என்று கேட்பார். 'இருக்கேன். என்ன வேணும்?' என்று யின்தி எழுதுவாள். அதற்குப் பிறகு ஒன்றும் வராது. வாங்கவும் மாட்டார்.

"சீண்டிப் பாக்கறாங்கடி, கதவைச் சாத்து" என்றாள் ஹுவாய்ஹுவா.

"இருக்கியான்னு கேட்டாங்க, இருக்கேன்னு சொன்னேன். இதுல நமக்கு என்ன செலவு?"

ஏழு வருடம் இப்படியே போனது. கொள்ளைநோய் வந்து ஊர் அடைபட்டுத் திறந்தது. மூணாவது அத்தை இறந்துபோனதை அவள் மகன் கடைக்கு எழுதித் தெரிவித்தான், அந்தச் செய்திக்குக் கீழே ஒரு பெட்டியும் கேட்டிருந்தான், படையலுக்கு. யின்திக்குத் தலை நரைத்தது. பெட்டி மூடியில் மட்டும் நரைக்கவில்லை. வருகிற படங்களில் காதைப் பார்ப்பதை அவள் விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

ஒன்பதாவது ஆண்டு, பழம் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த சமயம், ஒரு மதிய வேளையில் சாம்பல் வட்டம் வந்தது.

'இருக்கீங்களா?'

'இருக்கேன்.'

இந்த முறை கீழே இன்னொன்று வந்தது. 'நான் உங்ககிட்ட எதையும் வாங்கினதில்லை. உங்க பழத்துல ஒண்ணுகூடத் தின்னதில்லை. ஆனா எனக்கும் அந்த மச்சம் இருக்கு. பிறந்ததுலேருந்தே இருக்குன்னு வளத்தவங்க சொல்றாங்க. ஏன்?'

யின்தி எழுந்து போய்க் கையைக் கழுவினாள். துடைத்தாள். திரும்ப வந்து உட்கார்ந்து, கை ஈரமாகவே இருப்பதைப் பார்த்து மறுபடி துடைத்தாள். அதற்குள் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. 'பதில் தாமதம்' என்று திரையில் சிவப்பு எச்சரிக்கை ஒன்று வந்தது. சட்டென்று பதில் சொல்கிற கடைகளுக்குத் தருகிற தங்கப் பதக்கம் அன்று பறிபோனது, அது திரும்பி வரவே இல்லை. சாம்பல் வட்டம் மறுபடி கேட்டது.

'இருக்கீங்களா?'

'இருக்கேன், மகளே' என்று எழுதினாள். எழுதிவிட்டு, வாசலில் பழம் பிசைந்துகொண்டிருந்த தேஷுன் முன்னால் போய்த் திரையைக் காட்டினாள். தேஷுன் படித்தார். கையில் இருந்த பழத்தைக் கூழாகும்வரை பிசைந்துகொண்டே இருந்தார்.

பன்னிரண்டாம் மாதம் இருபதாம் தேதி, மதியப் பேருந்தில் கழுத்துத்துணி சுற்றிய ஒருத்தி சீட்டு வாங்கக் கழுத்துத்துணியைத் தளர்த்தினாள். ஓட்டுநருக்கு மச்சம் 2017-இல் வந்தது, கடையில் அவர் சின்ன மாமா.

"எத்தனை பெட்டி வாங்கினீங்கம்மா?"

"ஒண்ணும் வாங்கலைங்க."

"யாராச்சும் கொடுத்தாங்களா?"

"இல்லை."

"அப்படியும் சில பேருக்கு வரும்போல" என்று சொல்லிவிட்டு அவர் மீதிச் சில்லறையைக் கொடுத்தார்.

ஷிகோவ் நிறுத்தத்தில் தேஷுன் புது மேல்சட்டையின் கைகளுக்குள் கைகளை நுழைத்துக்கொண்டு நின்றிருந்தார். யின்தி அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன பெய் அண்ணே, அதிசயமா இருக்கு. இங்கேயா ஏறப்போறீங்க?"

"ஏறலை" என்றார் தேஷுன். "ஏத்திவிட்டது நான்தான். இறக்கிக்க வந்தேன்."

அன்று பேருந்து நான்கு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. உள்ளே மச்சம் உள்ளவர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். பத்தாவதாக ஒருத்தி இறங்கியதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.