பாலர்பள்ளி டீச்சர் கொலை செய்வாளா?

யோகேஸ்வரியால் நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. மலேசியாவின் சுங்கை பட்டாணியில், ஒரு கடைவீட்டு மாடி மண்டபத்தில், அவளுடைய நாவலுக்கு அறிமுகக் கூட்டம். இத்தனை காலம் முயலும் யானையும் பேசுகிற சிறுவர் கதைகளை எழுதியவள், இப்போதுதான் பெரியவர்களுக்கென்று ஒரு மர்ம நாவல் எழுதியிருந்தாள். மெர்போக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி கொலையாகிறார். யார் செய்தது என்பதுதான் கதை.

விமர்சகர் குணாளன் மைக்கைப் பிடித்தார். "இவங்க குழந்தைக் கதைங்க எனக்குப் பிடிக்கும்," என்றார். எந்தக் கதை என்று சொல்லவில்லை. "ஆனா இது? மர்ம நாவலை இலக்கியத்துல சேர்க்கவே யோசிக்கணும். இதுல மர்மமும் இல்ல. பாதியிலேயே கொலைகாரி யாருன்னு தெரிஞ்சிடுது."

கொலைகாரியா? யோகேஸ்வரி எழுந்துவிட்டாள். "யாருன்னு சொல்லுங்க சார்."

"புஷ்பவள்ளி டீச்சர்தான். பாலர்பள்ளியில பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லித் தர்றவங்க. அவங்க தங்கச்சி வாழ்க்கையைக் கெடுத்தவன் அந்தக் கிராணி. அவன் செத்த மறுநாள் காலையில டீச்சர் புதுப் பாட்டு ஒண்ணு ஆரம்பிக்கிறாங்க. அங்கேயே எனக்குப் புரிஞ்சிடுச்சு."

பின்வரிசையில் இருந்த யோகேஸ்வரியின் தோழி பிரேமலா பொங்கிவிட்டாள். "கொன்னது பாலிங்லேருந்து வந்த லாரிக்காரன் லா! கடைசி அத்தியாயம் படிக்கலையா சார்?"

மண்டபமே சிரித்தது. குணாளனின் முகம் சுருங்கிப்போனது. "நேரம் கிடைக்கல," என்று முனகிவிட்டு உட்கார்ந்தார்.

கூட்டம் முடிந்து பாக்கார் ஆராங்கிலிருந்த வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பிரேமலா காரை ஓட்டிக்கொண்டே சிரித்தாள். "நல்லா மூக்குடைபட்டாரு!"

யோகேஸ்வரி கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள். அந்தப் புதுப் பாட்டை எதற்காக எழுதினோம்? எழுதும்போது கை டீச்சரை நோக்கித்தான் போயிருந்தது. பிள்ளைகளுக்குப் பிடித்த டீச்சரைக் கொலைகாரி ஆக்க மனசு வராமல், எங்கிருந்தோ ஒரு லாரிக்காரனைக் கொண்டுவந்து அவன் தலையில் பழியைப் போட்டுவிட்டாள்.

"பிரேமா, அந்த லாரிக்காரன் ஏன் கொன்னான்?"

"அது வந்து... ஏதோ சண்டைதானே?" போன வாரம்தான் படித்து முடித்தவள், தடுமாறினாள்.

"காரைத் திருப்பு."

குணாளன் கடைவரிசைக்குக் கீழே மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இன்னும் கிண்டல் பண்ணணுமா?"

"இல்ல சார். நீங்க சொன்னதுதான் சரி. டீச்சர்தான் செஞ்சிருக்காங்க. எனக்குத்தான் தைரியம் வரல."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "படிக்காம பேசினது தப்புதான்மா. மிச்சத்தையும் படிச்சிட்டுப் பேசறேன்."

"வேணாம் சார். அதைத்தான் கிழிச்சுப் போடப்போறேன்."

மறுபதிப்பில் டீச்சரே கொன்றாள். யோகேஸ்வரியைக் கதை சொல்ல அழைத்துக்கொண்டிருந்த பாலர்பள்ளி ஒன்று, பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள் என்று அழைப்பதை நிறுத்திக்கொண்டது. குணாளன் இந்த முறை முழுதாகப் படித்துவிட்டு, 'இலக்கியம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் டீச்சரை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை' என்று எழுதினார். அதைப் படித்த யோகேஸ்வரிக்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.