ரஞ்சனிக்கு வந்த காமாலை

பல்கலைக்கழகத்தின் சமத்துவ மையத்துக்குத் தலைவரான நாளிலிருந்து பேராசிரியர் ஞானசீலனுக்கு நின்றால் சமூகநீதி, உட்கார்ந்தால் சமூகநீதி. குன்னூருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வளாகத்தில் அவர் நடத்திய சமத்துவ இருவார விழாவில், பதினோரு நாளும் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஒரே பெண்தான் நின்றாள். பந்தலூர்த் தோட்டத்தில் மருந்தடிக்கும் வீரையாவின் மகள் ரஞ்சனி. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம், தோட்டக் கூலிகளுக்கான வரிசை லைன் வீடு, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவள். விருந்தாளிகளிடம் அறிமுகப்படுத்த இவ்வளவு வசதியான பெண் வேறு கிடைக்குமா?

கோவையிலிருந்து வரும் விருந்தாளிகள் இருட்டுவதற்குள் மலையிறங்க வேண்டும் என்பதால் விழா தினமும் காலை பத்து மணிக்கே தொடங்கியது. வகுப்பு நேரத்தில் விழா கூடாது என்பது விதி. ஆகவே பல்கலைக்கழகத்தைப் பார்வையிட வரவிருந்த ஆய்வுக் குழுவுக்கு அனுப்பிய கோப்பில், எல்லாம் மாலை நான்கரைக்குமேல் நடந்ததாக ஞானசீலன் எழுதிவிட்டார். கூட வைத்த விழாப் படங்கள் முழுக்கப் பனிமூட்டம். மணி என்ன என்று யார் கண்டது?

விழா மாலையில் என்றால் பகலில் ரஞ்சனி எங்கே போனாள்? வருகைப்பதிவு குறைந்தது. ஹால் டிக்கெட் வரவில்லை.

“உங்ககூடத்தானே சார் நின்னேன்?” என்று அவர் அறைக்கே வந்து கேட்டாள். “ஒரு கடுதாசி குடுத்தாப் போதும். இல்லாட்டி ஒரு வருசம் போயிரும்.”

கடிதம் கொடுத்தால், கோப்பு பொய் என்று அவரே கையெழுத்துப் போட்டதாகிவிடும். ஞானசீலன் கண்ணாடியைக் கழற்றி, சுத்தமாக இருந்ததையே மறுபடி துடைத்தார்.

“அதெல்லாம் எதுக்கும்மா? மெடிக்கல் சர்ட்டிபிகேட் வெச்சுட்டாப் போச்சு. டாக்டர் நம்ம சபைக்காரருதான்.”

“எனக்கு ஒண்ணும் இல்லையே சார்.”

“காய்ச்சல்னா பதினோரு நாளைக்கு ஒத்துக்க மாட்டாங்க. மஞ்சக்காமாலைன்னு போட்டுக்கலாம்.”

அவள் அவரையே பார்த்தாள். “காமாலைக்காரி விளக்குப் பக்கத்துல நிக்கலாமா சார்?”

சுருக்கென்றது. ஆனாலும் சர்ட்டிபிகேட் வந்தது. ஹால் டிக்கெட்டும் வந்தது. இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று அன்று ஜெபத்தில் ஆண்டவருக்கு விளக்கமாகவே எடுத்துச் சொன்னார். ஆண்டவர் மறுபேச்சுப் பேசவில்லை. ஞானசீலன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். தூக்கம் மட்டும் சரியாக வரவில்லை.

திங்கட்கிழமை ஆய்வுக் குழு வருகிறது என்பதால், அதற்கு முந்தைய வாரம் மாணவியர் விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தைப் பார்வையிடப் போனார். எல்லோரும் நீள மேசைகளில். ரஞ்சனி மட்டும் கைகழுவும் தொட்டி ஓரம், ஒற்றை ஸ்டூலில். அவள் தட்டிலும் டம்ளரிலும் சிவப்புப் பெயின்ட் கோடு.

“இதென்னங்க?” என்றார் வார்டன் மெட்டில்டாவிடம்.

“ஏனுங்க சார், காமாலைன்னு ஆபீஸ்ல இருந்து சர்ட்டிபிகேட் காப்பி வந்துச்சுங்களே. இருநூறு புள்ளைக சாப்புடற எடமுங்க. அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் பண்ணிட்டேன். கழுவறதும் அவளேதானுங்க.” குரலில் பெருமை வழிந்தது.

டீக்கடை இரட்டைக் குவளையைப் பற்றி ஆராய்ந்துதான் ஞானசீலன் முனைவர் பட்டமே வாங்கியிருந்தார்.

‘இந்தப் புள்ளைக்கு ஒரு நோயும் இல்லீங்க’ என்று சொல்ல வாயைத் திறந்தார். அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மெட்டில்டா கேட்பாள். அப்புறம் டாக்டர், கோப்பு, காலை பத்து மணி என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல், தட்டைக் கழுவ எழுந்துவிட்ட ரஞ்சனி பக்கம் திரும்பினார்.

“இப்ப ஒடம்பு எப்படிம்மா இருக்கு?”

அவள் தட்டைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “எப்பக் கொணமாகும்னு நீங்கதான் சொல்லணும் சார்.”

மெட்டில்டாவும் அவர் முகத்தையே பார்த்தாள்.

“ஞாயித்துக்கெழமைக்குள்ள,” என்றார் ஞானசீலன்.