முதுகில் ஓடும் பெயர்

தெரிந்த வீட்டுப் பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு முடிந்து, மண்டபத்தில் சாப்பாட்டு வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. விநாயகமூர்த்தி தட்டை ஏந்தியபடி கொத்துரொட்டியை நெருங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஒருவன் பின்னாலிருந்து தோளைத் தொட்டான்.

“அங்கிள், நீங்கள் ராகுலன்ர அப்பாதானே?”

இந்தக் கேள்வி அவருக்குப் பழகிப்போனது. அமெரிக்காவில் இரண்டாம் தர லீக்தான் என்றாலும், சம்பளத்துக்கு ஐஸ் ஹொக்கி விளையாடும் தமிழ்ப் பெடியன் என்றால் சும்மாவா? அப்படியொரு பெடியனைப் பெற்றவருக்குக் கனடாவின் ஸ்காபரோ மண்டபங்களில் தனி மரியாதை உண்டு. கூட நின்று படமெடுக்கப் போகிறான் என்று நினைத்து, சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டுதான் திரும்பினார்.

“நான் டெனிஸ்டன். ஹொக்கி கார்ட் சேர்க்கிறனான். உங்கட மகன் எப்ப அங்கிள் கையெழுத்துப் போடுவார்?”

அவருக்கு விளங்கவில்லை. டெனிஸ்டன் வரிசை நகர நகரச் சொல்லிக்கொண்டே வந்தான். கடையில் விற்கும் கார்ட் பைக்கற்றுகளில் எங்கோ ஒன்றில் வீரனின் கையெழுத்திட்ட கார்ட் கிடக்கும். அது அகப்படுவது அதிர்ஷ்டம். டெனிஸ்டனுக்கு அதிர்ஷ்டம் இருந்தது, கையெழுத்துத்தான் இருக்கவில்லை. ராகுலன் இன்னும் கையெழுத்துப் போட்டு அனுப்பவில்லை, வந்ததும் தபாலில் அனுப்புவோம் என்று அச்சடித்த ஒரு வெறும் மட்டைதான் பைக்கற்றுக்குள் இருந்தது. இவனைப்போல இன்னும் பலர் மட்டையும் கையுமாகக் காத்திருக்கிறார்களாம்.

“எங்கட பெடியன் எண்டபடியால் நான் பொறுத்துக்கொண்டிருக்கிறன். மற்றவங்கள் ஒன்லைன்ல கிழிகிழியெண்டு கிழிக்கிறாங்கள். உங்கட பேரைச் சொல்லித்தான்.”

அவன் சொன்னதில் பிழையில்லை. ஊரில் தகப்பனின் பெயர் பிள்ளையின் பெயருக்கு முன்னால் ஓரெழுத்தாக ஒதுங்கி நிற்கும். கனடாவுக்கு வந்ததும் அது பின்னால் போய், குடும்பப் பெயராகிப் பெருத்துவிட்டது. ராகுலனின் ஜேர்சி முதுகில் ஒரு தோளில் தொடங்கி மறுதோள்வரை வளைந்து ஓடுவது விநாயகமூர்த்தியின் பெயர்தான். இடம் காணாமல் எழுத்துகளை நெருக்கித் தைத்திருப்பார்கள். அறிவிப்பாளர்கள் சொல்லத் தொடங்கிப் பாதியில் மூச்சு வாங்குவார்கள். வாழ்நாளில் ஒருதடவைகூட ஐஸில் கால் வைக்காத மனிதர், தன் பெயர் அங்கே கோல் காத்து வலைக்கு முன்னால் விழுந்தெழும்புவதைப் பார்த்துப் பூரித்துப்போய் இருந்திருக்கிறார். இப்போது அதே பெயரை முகம் தெரியாத சனமெல்லாம் திட்டுகிறது. கொத்துரொட்டியை வாங்காமலே அவர் வரிசையிலிருந்து விலகினார்.

ரூஜ் பக்கத்திலுள்ள அவர்களின் வீட்டில், கார்ட் கொம்பனி அனுப்பிய பெட்டி சாப்பாட்டு அறை மூலையில் கிடந்தது. உள்ளே தாள் தாளாகச் சின்னஞ்சிறு ஸ்டிக்கர்கள். அவற்றில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், கொம்பனி அவற்றைக் கார்டுகளில் ஒட்டிக்கொள்ளும். ராகுலன் முதல் தாளில் பாதியோடு நிறுத்தியிருந்தான். மாரியில் கேட்டபோது சீசன் முடியட்டும் என்றான். சீசன் முடிந்து ஓகஸ்டும் வந்துவிட்டது. ஒப்பந்தம் எழுதியாயிற்று, காசும் வாங்கியாயிற்று, பேனையைத் தொட மட்டும் ஐயாவுக்கு நேரமில்லை. படுக்கிறான், எழும்புகிறான், காரை எடுத்துக்கொண்டு எதற்கோ பக்கத்து ஊரான விட்பிப் பக்கம் போகிறான், வந்து மறுபடியும் படுக்கிறான். படியிறங்குவதுகூடப் பக்கவாட்டில், ஒவ்வொரு படியாக, கைபிடியைப் பிடித்துக்கொண்டு. இருபத்துநாலு வயதில் இவ்வளவு சோம்பல் எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“தம்பி, உதை ஒருக்கா முடிச்சுக் குடுத்துவிடன்.”

“செய்யிறன் அப்பா.”

“எப்ப?”

“அப்பா, ப்ளீஸ். ஐ செட் ஐ வில்.”

வியாழக்கிழமை வீட்டுப் போன் அடித்தது. கார்ட் கொம்பனியில் வேலை செய்யும் ஸ்டெபனி. பெயரைக் கேட்டு அவர் இங்கிலீசைத் தேடிக்கொண்டிருக்க, அவளோ தமிழில் பொரிந்தாள்.

“அங்கிள், ராகுலன் என்ர போனை எடுக்கிறாரேயில்லை. எங்கட பெடியன், கட்டாயம் போடுவார் எண்டு மனேஜரிட்ட நான்தான் அடிச்சுச் சொன்னனான். இப்ப எனக்கு அங்க தலைநிமித்த ஏலாமக் கிடக்கு. திங்கட்கிழமை வெப்சைட்டில பேர் போடப்போயினம், ஒப்பந்தத்தை மீறின ஆக்கள் எண்டு. சனி காலமை நானே வீட்டை வந்து எடுக்கிறன். எப்பிடியாவது போடவையுங்கோ.”

“ராகுலன் எண்டு மட்டும் போடுவினமோ?”

“முழுப் பேரும்தான் அங்கிள்.”

போனை வைத்துவிட்டு அவர் குசினிக்குப் போனார். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் தண்ணீர் குடித்தார். பின்வளவுக்குப் போய்த் தக்காளிக் கன்றுகளைப் பார்த்தார். கராஜைத் திறந்தார், மூடினார். பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். மறுநாளும் காலையிலிருந்து இதே நடைதான். ராகுலன் காரில் போய்விட்டான். மனைவி பேபி வேலைக்குப் போய்விட்டாள். ஆளில்லாத வீட்டில் அந்தப் பெட்டியும் அவரும் மட்டும் மிஞ்ச, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இதொன்றும் அவருக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலா, நீச்சல் வகுப்பு, ஹொக்கிக் கழகம் என்று எத்தனை படிவங்கள்! பெற்றோர் என்ற கோட்டிலும் அவர்தான் போட்டார், விளையாட்டு வீரர் என்ற கோட்டிலும் அவர்தான் போட்டார். பிள்ளை நித்திரை, இதுக்குப்போய் எழுப்புவானேன் என்று. எங்கள் வீடுகளில் இதைக் கள்ளக் கையெழுத்து என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளையின் அலுவலைப் பார்ப்பது என்றுதான் சொல்வோம்.

மகன் போட்டிருந்த பாதித் தாளை முன்னால் வைத்துக்கொண்டு, பழைய விளம்பரத் தாளில் பழகிப் பார்த்தார். இங்கிலீசில் ஒரு ஆர், ஒரு வி, அதற்குப் பின் நீண்டதொரு இழுவை, கீழே ஜேர்சி இலக்கம் முப்பத்தொன்று. முதலில் கோடு கோணிப்போனது. இரண்டாவது தாளில் கோணல் நிமிர்ந்தது. ஐந்தாவதிலோ ஆறாவதிலோ இழுவை தானாகவே வந்து விழுந்தது. யாரோ சுற்றி நின்று தன்னிடம் கேட்டு வாங்குவதுபோல, ஒவ்வொன்றுக்கும் தலையை லேசாக ஆட்டத் தொடங்கினார். வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. பின்னேரம் பேபி வந்தபோது மேசை முழுக்கத் தாள்கள் காய்ந்துகொண்டிருந்தன.

“என்னப்பா உது?”

“தம்பியின்ர அலுவல்.”

“அவனுக்குச் சொன்னனீங்களோ?”

“சொல்லிச் சொல்லித்தானே களைச்சுப்போனன்.”

அவள் கைப்பையை வைத்துவிட்டுச் சோறு போடப் போனாள்.

சனிக்கிழமை காலை அவர் சவரம் செய்து, நல்ல சேர்ட்டும் போட்டுக்கொண்டார். பெட்டி மேசை நடுவில் இருந்தது. ராகுலன் படியிறங்கி வந்தான். கோப்பி போடப் போனவன் பெட்டியைக் கண்டு நின்றான். மூடியைத் திறந்து மேல்தாளை எடுத்தான். அடுத்ததையும் எடுத்தான். பிறகு அடிவரை விரலால் புரட்டினான்.

“ஆர் போட்டது?”

விநாயகமூர்த்தி யன்னலுக்கு வெளியே எதையோ தேடினார்.

“நல்லாப் போட்டிருக்கிறீங்கள்,” என்றான் ராகுலன். அவன் கத்தியிருந்தால் இவரும் கத்தியிருக்கலாம்.

“நீ போடேல்லை. ஆரோ ஒராள் போடத்தானே வேணும்? சொன்ன சொல்லுக்கு ஒரு மரியாதை இல்லையோ? சனம் என்ர பேரைச் சொல்லி ஏசுது.”

அவன் கதிரையில் மெதுவாக, ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தான்.

“மார்ச்சில டொக்டர் சொல்லிட்டார் அப்பா. ஹிப், இடுப்பு மூட்டு, முடிஞ்சுது. ரெண்டு பக்கமும். இனி நெட்டுக்கு முன்னால நிக்க ஏலாது. டீமுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் சொல்லேல்லை.”

“அப்ப உந்தக் கார்ட்…”

“கார்ட் வாங்கிறவன் என்ர படத்துக்கு வாங்கேல்லை. நான் நாளைக்குப் பெரிய ஆளா வருவன் எண்டு நினைச்சு வாங்கிறான். எனக்கு நாளைக்கு எண்டு ஒண்டும் இல்லை. தெரிஞ்சுகொண்டு எப்பிடி சைன் பண்ணுறது? பேனையை எடுத்தா… ஐ ஃபீல் லைக் அ லையர்.”

விநாயகமூர்த்தி படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். இந்தப் பிள்ளை இத்தனை மாதமாய்ப் படியைப் பிடித்துப் பிடித்து இறங்கியதை அவர் கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டுச் சோம்பல் என்று பெயர் வைத்தார். பெற்றவனுக்கு இதுகூடத் தெரியவில்லையே! அவன் பொய்யென்று தள்ளிவைத்ததை எல்லாம், நேற்று முழுக்கத் தலையாட்டித் தலையாட்டி அவர் எழுதியிருக்கிறார். பெருவிரலில் மை இன்னும் போகாமல் கிடந்தது. அதை சேர்ட்டின் ஓரத்தில் துடைத்தார்.

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மணி அடித்தது.

“அந்தப் பிள்ளைதான்,” என்று எழுந்தார். “உதைக் குடுக்கக் கூடாது. நான் போட்டதெண்டு நானே சொல்லுறன். திங்கட்கிழமை என்னத்தைப் போட்டாலும் போடட்டும்.”

பெட்டியைத் தூக்கினார். ராகுலன் மேசையை ஊன்றி எழுந்து மறுபக்கத்தைப் பிடித்தான்.

“குடுங்கோ அப்பா.”

“பொய் எண்டனியே?”

“பொய்தான். அவவுக்கு முன்னால நீங்கள் கள்ளனா நிக்க வேணாம். விடுங்கோ.”

“நீ விடு.”

“உங்கட பேர்தானே அப்பா, நீங்கள்தானே போட்டனீங்கள். போகட்டும்.”

அவர் விடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றென்று இத்தனை நாள் நச்சரித்தவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். கையெழுத்தே வேண்டாமென்று கிடந்தவன் அதை வாசல் பக்கம் இழுத்தான். பேபி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். ஸ்டெபனி சப்பாத்தைக் கழற்றிவிட்டு, டோனட் பெட்டியொன்றுடன் உள்ளே வந்தாள். இரண்டு நாளாய் நித்திரை கொள்ளாத முகம். பெட்டியைக் கண்டதும் அது அப்படியே மலர்ந்தது.

“தாங்ஸ் அங்கிள்! எனக்குத் தெரியும், எங்கட ஆக்கள் கைவிடாயினம் எண்டு. என்ன, ரெண்டு பேர் சேர்ந்து தூக்கிற அளவுக்குப் பாரமோ?”

சிரித்துக்கொண்டே டோனட்டைப் பேபியிடம் கொடுத்துவிட்டு, அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். தகப்பனும் மகனும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். இருவர் பிடியிலும் இறுகி, பெட்டியின் மட்டை நடுவில் மெல்ல மடங்கத் தொடங்கியது.