மாப்பிள்ளையின் லேத்து

கீழே மருந்துக்கடை, மேலே வீடு. இரண்டும் மாமனாருடையவை. ஆறு வருடமாக மாப்பிள்ளை கீழே மருந்து எடுத்துக் கொடுப்பான், மேலே போய்ச் சாப்பிடுவான். தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தால்கூட, "எங்க மாப்ள, காணோமே?" என்று மாமனார் அன்பாகக் கேட்பார். அந்த அன்பில்தான் அவனுக்கு மூச்சு முட்டியது.

பழைய இரும்புக் கடையில் கேட்பாரற்றுக் கிடந்த சின்ன லேத்தை வாங்கி வந்து பின்பக்க ஷெட்டில் போட்டான். கம்பியைச் சுழலவிட்டுக் கத்தியால் சீவுகிற இயந்திரம். கம்பியைப் பிடிக்கும் சக் துருவேறி இறுகிப்போயிருந்தது. பத்து நாள் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, மரக்கட்டையால் தட்டினான். டொக்கென்று விட்டுக்கொடுத்தது. அவன் போட்ட கூச்சலில் மனைவி ஓடிவந்தாள்.

"கையில பட்டுடுச்சா?"

"சுத்துது! இங்க பாரேன், சுத்துது!"

சுற்றியது சரி, கத்தி பட்டதும் எழுந்த கிறீச்சொலி காதைக் கிழித்தது. லேத்து வேலை பற்றிய பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்த்தான். கத்தி இம்மியளவு தாழ்ந்திருந்தது. களிம்பு டப்பாத் தகரத்தை வெட்டி அடியில் கொடுத்தான். இரும்பு சுருள் சுருளாக உரிந்தது.

அந்தத் தைரியத்தில் மனைவியிடம் சொன்னான். "வாடகைக்கு வீடு பாத்துட்டேன். லேத்து வைக்க முன்னாடி ஒரு ரூம் இருக்கு. வேலையும் வேற கடையில சொல்லி வெச்சிருக்கேன்."

"அப்பாகிட்ட யாரு சொல்றது?"

"நான்தான். வெள்ளிக்கிழமை."

வியாழக்கிழமை சரக்கெடுக்கப் போய்த் திரும்பினால், ஷெட் வாசலில் மாமனார் வாயெல்லாம் பல்லாக நின்றார். லேத்தின் கால்கள் சிமெண்டுக்குள் புதைந்திருந்தன.

"ஆடுற சத்தம் மாடி வரைக்கும் கேட்டுச்சு, மாப்ள. கொத்தனாரக் கூப்ட்டு கெட்டியா போடச் சொல்லிட்டேன். ஆயுசுக்கும் அசையாது."

"ரொம்ப நல்லது மாமா" என்றது அவன் வாய்.

சிமெண்ட் காய்ந்தபின் ஒரு கம்பியைக் கடைந்து அளந்தான். ஒரு முனை பருத்திருந்தது. சமமில்லாமல் இறுக்கியதில் அடிப்பகுதி முறுக்கிக்கொண்டிருந்தது. போல்ட்டைத் தளர்த்தினால் சரியாகிவிடும். போல்ட்டெல்லாம் சிமெண்டுக்குள்.

"வெள்ளிக்கிழமை போயிடுச்சுங்க" என்றாள் மனைவி.

"ஆசையா செஞ்சிருக்காரு. என்னன்னு சொல்றது?"

மறுநாள் அவனே போய், வீடு வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தான். கடையில் ஆறு பேர் காத்திருந்தார்கள்.

"எங்க மாப்ள, காணோமே?" என்றார் மாமனார்.