லூவெனியாவின் மூன்றாம் அங்கம்

சிகாகோவின் தெற்குப் பகுதியில் நாங்கள் நடத்திய கறுப்பர் நாடகக் குழுவில் இன்று உயிரோடு இருப்பது நானும் லூவெனியாவும்தான். அரங்கம் தீப்பிடித்தபோது நாடகப் பிரதிகள் எல்லாம் கருகிவிட்டன. போன மாதம் ஒரு பதிப்பகத்தார் எங்கள் முதல் நாடகத்தைப் புத்தகமாகப் போடக் கேட்டார்கள். இரண்டு அங்கங்களை நினைவிலிருந்து எழுதிவிட்டேன். மூன்றாவது எனக்குத் தெரியாது. இரண்டாம் அங்கத்தின் முடிவில் நான் செத்துவிடுவேன். அப்புறம் பின்வாசலில் நின்று சிகரெட் பிடிப்பேன். இருநூறு முறை மேடையேற்றியும் ஒருநாள்கூட உள்ளே நின்று கேட்டதில்லை.

லூவெனியாவுக்குப் போன் செய்தேன்.

"ஞாயித்துக்கிழமை வா, வரி விடாம சொல்றேன். நீ செத்தப்புறம்தானே நாடகமே சூடு பிடிக்கும்!" என்று சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது.

ஆனாலும் ஞாயிறன்று நோட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"அம்மாவுக்கு எல்லாம் புரியுது மாமா. வார்த்தைதான் வரல," என்றாள் அவள் மகள் ஜெனீவா.

என்னைப் பார்த்ததும் லூவெனியா இடது கையை மெல்ல உயர்த்தினாள். மேடையில் நிற்கும்போது வரும் முகம் வந்துவிட்டது. உதடுகள் அசைந்தன, நின்றன, மறுபடி அசைந்தன. அங்கம் முழுவதையும் நடித்துக் காட்டினாள். ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. முடித்துவிட்டு என் நோட்டைப் பார்த்தாள்.

"ஒண்ணும் கேக்கல, லூவெனியா," என்றேன்.

அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.