மதியம் மட்டும் போகும் இன்டர்நெட்

கறுப்பு கவுனோடு யாதிரா அப்பாவின் மேசைக்கடியில் மண்டியிட்டு, கைபேசியை வாயில் கவ்விக்கொண்டு, அதன் வெளிச்சத்தில் ஒயர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் அப்பா சவப்பெட்டிக்குள் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டையுமாகப் படுத்திருந்தார். கார்னிவல் ஊர்வலத்துக்குப் போகும்போது அவர் கட்டிக்கொள்ளும் அதே கைக்குட்டை.

"உயிர் இருக்காக்கா?" என்று வாசற்படியிலிருந்து கேட்டான் தம்பி ஹைரோ.

கைபேசியை வாயிலிருந்து எடுத்தாள். "யாருக்கு?"

"லேப்டாப்புக்கு."

"இருக்கு. ஃபேன் சுத்துது, லைட்டு எரியுது. கூப்பிட்டாத்தான் பதில் இல்ல."

"அப்பா மாதிரி."

"அப்பா கூப்பிட்டா பதில் சொல்லுவாருடா. நாம கேட்காத கேள்விக்குச் சொல்லுவாரு, அவ்வளவுதான்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முன்னறையில் அத்தை உபால்தினா செருமினாள்.

அந்த லேப்டாப்பின் திரை ஒரு மழைக்காலத்தில் இடி விழுந்து கருகிப் போயிருந்தது. டிவியோடு இணைக்கிற துளையும் அதோடு போயிற்று. பாரன்கியா நகரம் முழுக்கத் தேடினாலும் அதற்கு உதிரிபாகம் கிடைக்காது, தூக்கிப் போடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்பா நிகானோர் கேட்கவில்லை. கொல்லைப்புறத்தில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, வீட்டு வைஃபை வழியாகவே இதை ஓட்டப் பழகிக்கொண்டார். கண் தெரியாதவனைக் கைபிடித்து அழைத்துப் போவது மாதிரி அங்கிருந்தபடி இதற்குள் போய்ப் பாட்டுகளை எடுப்பார். ஒரு தடவை அணைத்தால் அது திரும்பக் கிளம்பும்போது திரையில் ஏதோ கேட்கும், திரைதான் இல்லையே, அதனால் யாரும் பட்டனைத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

உள்ளே இருந்தது அவருடைய கோஷ்டியின் வாசிப்பு. அவர் தட்டைக்குழல் ஊத, மூன்று மேளங்கள் சேர்ந்த கும்பியா ஆட்டப்பாட்டு. கேசட்டுகளைத் தெருவில் பாய்ந்த மழைவெள்ளம் அடித்துப் போவதற்கு முன்பே பொறுமையாக ஒவ்வொன்றாக இதற்குள் ஏற்றிவைத்திருந்தார். வேறெங்கும் அது இல்லை. "என் சாவுக்கு ஃபாதர் ஜெபத்தைப் பாத்துக்கட்டும், பாட்டை நான் பாத்துக்கறேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவந்தார். மூன்று மணிக்குச் சவவண்டி வரும்.

கொல்லையில் நாற்காலிகளை வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்தார்கள். ஆண்கள் டொமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். கோஷ்டியில் மிச்சமிருந்த ஒரே ஆள், மேளக்காரர் சபாஸ், செத்தவரைப் பற்றிய கதைகளை நிறுத்தாமல் எடுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஊர்வலம் பாதியில போயிக்கிட்டிருக்கு, இவனுக்கு முன்பல்லு விழுந்துடுச்சு. ஊதினா காத்து மட்டும் வருது. நிறுத்துவானா? பல்லைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு உதட்டை ஓரமா இழுத்து வச்சு ஊதறான். அது என்ன ராகம்னு எங்களுக்கே தெரியல. புதுசா இருக்குன்னு எங்களுக்குப் பரிசு குடுத்துட்டாங்க!"

கொல்லை குலுங்கியது. காபி கொண்டுவந்த பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

சபாஸ் யாதிராவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "எப்படியாவது அதைப் பேச வை தாயி. இல்லைன்னா நான் ஒத்தை மேளத்தோட பெட்டிக்கு முன்னால போகணும். ஏதோ மருந்து விக்கிறவன் வர்றான்னு நெனைப்பாங்க."

யாதிரா பழைய கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தாள். அவளுக்கு வேலையே இதுதான். ஒரு இன்டர்நெட் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் காலையிலிருந்து சாயங்காலம்வரை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "ரவுட்டர் பிளக்கைப் பிடுங்குங்க ஐயா, கொஞ்சம் பொறுங்க, இப்ப மாட்டுங்க" என்று முகம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறவள். இன்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிடுங்கினாள், பொறுத்தாள், மாட்டினாள். லேப்டாப்பின் பெயரைத் தட்டி அழைத்தாள். பதில் இல்லை. அதன் பழைய எண்ணைப் போட்டு அழைத்தாள். பதில் இல்லை.

அப்பாவின் அறைக்குத் திரும்பி உட்கார்ந்து, கைபேசியில் ரவுட்டருக்குள் போய், வீட்டு வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். அவளுடைய கைபேசி, ஹைரோவுடையது, அத்தையுடையது, டிவி, கொல்லைக் கம்ப்யூட்டர்.

"டேய், லேப்டாப் நம்ம வீட்டுலயே இல்லடா."

"கண்ணு முன்னால இருக்கேக்கா!"

"உடம்பு இங்க இருக்கு. வைஃபை லைட்டும் எரியுது. அப்ப வேற யாரு வீட்டு இன்டர்நெட்லயோ போய் உக்காந்திருக்கு."

அத்தை உபால்தினா விசிறியோடு வந்து நின்றாள். அண்ணி இறந்ததிலிருந்து அண்ணன் வீட்டை நடத்திவருகிறவள் அவள்தான். "என் அண்ணன் அடுத்த வீட்டுத் தண்ணிகூடக் குடிக்கமாட்டான். அடுத்தவங்க இன்டர்நெட் அவனுக்கு எதுக்கு?"

"நம்ம வீட்டு இன்டர்நெட்டு லட்சணத்துக்கு வேற என்ன செய்வாரு அத்தை?" என்றான் ஹைரோ. "தினம் மதியம் ஆனா செத்துப் போயிடுது. நேத்துகூட நான் வந்து பாக்கறேன், பிளக்கே கழண்டு கிடக்கு, நான்தான் மாட்டினேன்."

யாதிராவுக்குச் சுருக்கென்றது. அந்த மதியக் கோளாறுக்காகத் தன் கம்பெனியிலேயே எத்தனையோ புகார் கொடுத்திருக்கிறாள். இரண்டு தடவை கம்பத்தில் ஆள் ஏறி ஒயரையே மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"பட்டனை அமுக்கிடலாமா?" என்று ஹைரோ கையை நீட்டியபோதுதான் முன்னறையில் பேச்சு நின்றது. கொல்லையில் டொமினோச் சத்தமும் நின்றது.

பக்கத்து வீட்டு எர்மெலிந்தா வந்திருந்தாள். சோளத்தோகையில் கட்டி அவித்த மரவள்ளி போயோக்களை ஒரு தட்டில் அடுக்கி, மேலே துணி போட்டு எடுத்து வந்திருந்தாள். முன்பு ஒரு கிறிஸ்துமஸுக்கு நிகானோரின் ஸ்பீக்கர் சத்தம் தாங்காமல் போலீசைக் கூப்பிட்டவள் அவள். அன்றைக்கு மறுநாள் அத்தை தெருவில் நின்று, இனி இந்த வீட்டுக்காரர்கள் யாரும் அவள் முகத்தில் விழிக்க மாட்டோம் என்று சபதம் போட்டாள். நிகானோரும் அதற்குக் கட்டுப்பட்டுத் தெருவில் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்து போவார்.

எர்மெலிந்தா பெட்டியருகே நின்றாள். கைக்குட்டையின் முடிச்சைச் சற்று நேராக்கினாள். பிறகு யாரையும் பார்க்காமல் அறைவாசலுக்கு வந்தாள்.

"பட்டனை அமுக்காதீங்க. அது எங்க வீட்டுல இருக்கு."

"எது?" என்றாள் அத்தை.

"லேப்டாப்பு. எங்க வீட்டு வைஃபைல இருக்கு."

யாதிரா எழுந்தாள். "எப்படிம்மா?"

எர்மெலிந்தா தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஹைரோ வாங்கிக்கொண்டான்.

"மதியத் தூக்க நேரத்துல, எல்லாரும் படுத்தப்புறம், உங்கப்பா உங்க ரவுட்டரைப் பிடுங்கிடுவாரு. அதுக்கு வேற போக்கு இல்லாம எங்களோடதுல வந்து ஒட்டிக்கும். அவரு முன்னாடியே போட்டு வச்ச பாட்டு எங்க வீட்டு சமையல்கட்டு ஸ்பீக்கர்ல பாடும். மெல்லமாத்தான். முடிஞ்சதும் சுவத்துல ரெண்டு தட்டு தட்டுவாரு. நான் எங்களோடதை அணைப்பேன், அவரு உங்களோடதை மாட்டுவாரு. அது திரும்பி வந்துடும்."

எர்மெலிந்தா முன்னறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"நேத்து பாட்டு முடிஞ்சுது. தட்டலை. நானும் அணைக்கலை. பாத்தேன், பாத்தேன்... அப்புறம்தான் சுவத்துக்கு மேல எட்டிக் கத்துனேன்."

அத்தையின் விசிறி நின்றது. "'உங்க அண்ணனைப் போய்ப் பாருடி'ன்னு கத்துனியே, அது இதுக்கா? நான் வம்புக்கு இழுக்கறேன்னு நெனைச்சு, திருப்பி நல்லா நாலு குடுத்தேனே!"

"குடுத்தீங்க. நல்லாத்தான் குடுத்தீங்க."

"போலீசைக் கூப்பிட்டவ நீ!"

"சத்தம்தான் பிடிக்காது. பாட்டு பிடிக்கும்."

"எவ்வளவு காலமா நடக்குது இது?"

"உங்க அண்ணி போய் ரெண்டாவது வருஷத்துலேருந்து."

"அடப்பாவி மனுஷா!" அத்தை பெட்டியைப் பார்த்துத் திரும்பினாள். "இத்தனை வருஷமா உனக்காக இவளோட பேசாம இருந்தேன்! கடையில இவ நின்னா வெயில்ல காத்து நின்னேன்! என்கிட்ட சொன்னா என்ன, கடிச்சா தின்னுடுவேன்?"

"உங்களைக் கண்டா பயம்னு சொல்லுவாரு" என்றாள் எர்மெலிந்தா மெதுவாக.

முதலில் சபாஸ்தான் சிரித்தார். பிறகு ஹைரோ. பிறகு கொல்லை முழுக்க. யாதிரா சுவரில் சாய்ந்து சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, நேற்றிலிருந்து வராதது. கம்பத்தில் ஏறி ஒயர் மாற்றிய அந்த ஆட்களை நினைக்க நினைக்க அவளால் நிறுத்த முடியவில்லை.

"மணி ஆகுது தாயி" என்றார் சபாஸ்.

யாதிரா எர்மெலிந்தாவோடு அடுத்த வீட்டுக்குப் போனாள். பிறந்ததிலிருந்து பக்கத்தில் இருந்த வீடு, அந்தச் சமையலறைக்குள் கால் வைத்தது இதுவே முதல் தடவை. அடுப்புக்குப் பக்கத்தில் கைக்கடக்கமான ஒரு ஸ்பீக்கர் இருந்தது. அதன்கீழ் பூ போட்ட துணி விரித்திருந்தது. சுவரை ஒட்டி ஒரு நாற்காலி. ரவுட்டர் அலமாரியின்மேல் பச்சைப் புள்ளிகளோடு மினுங்கிக்கொண்டிருந்தது.

"இதை அணைச்சாப் போதும், அது உங்க வீட்டுக்கு வந்துடும்" என்று எர்மெலிந்தா பிளக்கில் கை வைத்தாள். கை அங்கேயே நின்றது.

தெருவில் ஐஸ் விற்கிறவனின் மணி கேட்டது. அது கடந்துபோகும்வரை யாதிரா காத்திருந்தாள்.

"நான் எடுக்கட்டுமாம்மா?"

"வேணாம் கண்ணு. இது என் வேலை."

பிடுங்கினாள். பச்சைப் புள்ளிகள் அவிந்தன. பிளக்கை அலமாரியின்மேல் வைத்தாள். பிறகு விரலை மடக்கிச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஹைரோ அலறினான். "வந்துடுச்சு! அக்கா, வந்துடுச்சு! பேர் வந்துடுச்சு! கூப்பிட்டா பதில் சொல்லுது!"

யாதிரா கொல்லைக்கு ஓடினாள். அப்பா தன் பெயரையே சூட்டியிருந்த அந்த லேப்டாப், கேட்கக் கேட்க உடனுக்குடன் பதில் அனுப்பிக்கொண்டிருந்தது. 'ஊர்வலம்' என்ற தொகுப்பைத் திறந்து முதல் பாட்டைத் தொட்டாள். கொஞ்சம் கரகரப்பு, யாரோ இருமுகிற சத்தம், பிறகு அப்பாவின் குழல் ஆளுயரப் பெட்டிகளிலிருந்து பாய்ந்து ஓட்டுக்கூரையைத் தூக்கியது. தெரு நாய்கள் எழுந்து குரைத்தன.

சபாஸ் மேளத்தைத் தொடைகளுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, பதிவில் கேட்ட தன் சின்ன வயது அடியோடு சேர்ந்து அடிக்கத் தொடங்கினார். டொமினோக் கட்டைகள் மேசையில் குதித்தன. ஜெபம் சொல்ல வந்த ஃபாதர் தாளத்துக்குக் காலை ஆட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார். பெட்டியைத் தூக்கிய ஆறு பேரும் வாசற்படியைத் தாண்டும்போதே இடுப்பை அசைத்தார்கள். தெருவில் இறங்கியதும் பெட்டி ஒரு படகு மாதிரி ஆடியது. முன்னால் இரண்டு எட்டு, பின்னால் ஓர் எட்டு. "மெதுவாடா, கீழ போட்டுட்டா எழுந்து அடிப்பாரு!" என்று யாரோ கத்தினார்கள். எதிர்வீட்டு மாடியிலிருந்தவர்கள் துண்டை எடுத்துச் சுழற்றினார்கள். யாதிரா செருப்பை உதறிவிட்டு, சூடான தார் ரோட்டில், அப்பா ஊதிய பாட்டுக்கு ஆடினாள். அவர் எங்கே மூச்சு வாங்குவார் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது, அந்த இடத்தில் அவளும் மூச்சு வாங்கினாள்.

தெருமுனையில் பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். மற்றவர்களுக்காக நின்ற பேருந்தில் கூட்டம் முண்டியடித்து ஏறியது. கடைசியாக எர்மெலிந்தா படியில் கால் வைத்து, உள்ளே பார்த்துவிட்டு, இறங்கிவிடலாமா என்பதுபோல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடமே இல்லை. குடும்பத்துக்காரர்களுக்கென்று விட்டிருந்த முதல் இருக்கையில் மட்டும், அத்தை உபால்தினாவின் பக்கத்தில் அவளுடைய பெரிய கைப்பை உட்கார்ந்திருந்தது.

அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்து உறுமியது. வெளியே பார்த்தபடியே அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் வெயில் அடிக்கும்" என்றாள். "நெருங்கி உக்காரு."